அழகரிடம் ஆழ்வான் கேட்டது

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் சுமார் 10 கி.மீ. தொலைவில், குடகனாற்றங்கரையில் உள்ளது தாடிக்கொம்பு. அங்கு எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு ஸௌந்தரராஜன் என்று திருநாமம். திருமாலிருஞ்சோலை அழகரே மண்டூக மகரிஷிக்காக இங்கு எழுந்தருளினார் என்பது ஸ்தல ஐதிஹ்யம். தாயார் ஸந்நிதி முன்மண்டபத் தூண்களில் இரணியனை வதைக்கும் நரசிங்கனையும், கருடாரூடனான திருமாலையும் ஸேவிக்கலாம். ஸேவிப்பவர்க்கு ப்ரஹ்லாதனும் கஜேந்த்ரனும் நினைவுக்கு வாராதிரார். கூப்பிட்ட மாத்திரத்தில் வந்தானன்றோ!

ஒருநாள் அந்த மண்டபத்தில், மருத்துவமனையிலிருந்து நேரே வந்த ஓர் அம்மையார் அடியோங்களிடம், "இத்தனை நாள் ப்ரார்த்தித்தும் ஒன்றும் நடக்கவில்லையே ஸ்வாமி, என் விச்வாஸம் போதவில்லையா?" என்று கேட்டார். அன்று தக்க விடை சொல்ல அறியாமல் நின்றோம். அதற்கு விடை, மூலவரான அந்த அழகரின் மலையிலேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

சோழன் அவையில் எம்பெருமானாருக்காகக் கூரத்தாழ்வான் தம் கண்களை இழந்தார். உடன் சென்ற பெரிய நம்பிகள் திரும்பும் வழியில் ஆழ்வான் மடியில் திருமுடி வைத்துத் திருநாடு அலங்கரித்தார். உடையவரோ மேல்நாடு எழுந்தருளிவிட்டார். திருவரங்கத்திற்கு வந்தால், உடையவர் ஸம்பந்தம் உள்ளவர்க்குக் கோயிலில் புக அனுமதியில்லை என்று தடை. "இவர் நல்லவர், இவரை விடலாம்" என்றார்களாம் சிலர். அந்த ஸம்பந்தத்தை விட்டுப் பெறும் ஸேவை தமக்கு வேண்டா என்று ஆழ்வான் திரும்பினார். ஆசார்யன் இல்லை, அரங்கன் இல்லை, கண்ணும் இல்லை. இந்நிலையில் குடும்பத்தோடு சென்று சேர்ந்த இடம் திருமாலிருஞ்சோலை.

அங்கு அருளிச்செய்ததுதான் 132 ச்லோகங்கள் கொண்ட ஸுந்தரபாஹு ஸ்தவம். அதில் பெரும்பகுதி புலம்பலன்று. சோலையையும் மலையையும் பாடி, அழகனுடைய திருமேனியை அவயவம் அவயவமாக அநுபவிக்கிறார், கண்ணில்லாதவர்! முடிவில்தான் விண்ணப்பம். திருவரங்கம் பகைவரால் வந்த இடர் நீங்கி முன்போல் விளங்கவேண்டும். அங்கே ராமாநுஜரோடு தாம் முன்போல் கூடியிருக்கவேண்டும். கண்ணைக் கேட்கவில்லை. அதற்காக ஒன்றுமே கேளாமலும் இருக்கவில்லை. ப்ரபந்நன் வாய் திறக்கலாகாது என்று சிலர் சொல்வதுண்டு. ஆழ்வானைவிட ப்ரபந்நர் யார்? தம் குறையைப் பெயர் சொல்லியே கேட்டார்.

கேட்ட மறுநாள் கிடைத்துவிடவில்லை. உடையவர் மேல்நாட்டில் 12 ஆண்டுகள் எழுந்தருளியிருந்ததாகக் குருபரம்பரை சொல்லும். பதில் வாராத அந்நாட்களில் ஆழ்வானுக்கு விச்வாஸம் குறைந்திருந்தது என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? ஆகவே அம்மையாரின் விச்வாஸத்திலும் குறையில்லை. அழுதுகொண்டு வந்தாலும் அவன் ஸந்நிதிக்கே வந்தாரே, அதுவே அந்த விச்வாஸம்.

சோழன் மாண்ட செய்தி பரவியபின் உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் வந்து திருவடிகளில் விழுந்தார். எடுத்து அணைத்துக்கொண்ட உடையவருக்குப் பேச்செழவில்லை.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.