கடவுள் முதலில் படைத்த கை

வெறுமையான அண்டத்தில் கடவுள் முதன்முதலாக ஒரே ஒரு மனிதக் கையைப் படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வலக்கையா, இடக்கையா? 1768இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் இம்மானுவேல் கான்ட் எழுதிய சிறு கட்டுரையில் வரும் கேள்வி இது. விரல்களின் நீளம், இடைவெளி, கோணம் என எதை அளந்தாலும் இரண்டு கைகளுக்கும் ஒரே கணக்குதான் வரும். ஆனாலும் ஒன்றன் இடத்தில் மற்றது பொருந்தாது. முதல் கை இரண்டில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்றார் கான்ட். வேறுபாடு கையின் உறுப்புகளுக்குள் இல்லை என்றால், அதைச் சூழ்ந்த வெளியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் அன்று கண்ட முடிவு.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே லைப்னிட்ஸ் நேர்மாறாக வாதிட்டிருந்தார். கடவுள் கிழக்கை மேற்காக மாற்றி உலகைப் படைத்திருந்தால் என்ன வேறுபாடு என்று 1716இல் இறையியலாளர் சாமுவேல் கிளார்க்குக்கு எழுதினார். எதுவும் இல்லை, ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கடவுளுக்குக் காரணமும் இருந்திருக்காது. காரணமின்றி அவர் எதையும் செய்வதில்லை. கடவுளின் சித்தமே போதுமான காரணம் என்றார் கிளார்க்.

இந்த வாதம் 1848இல் வேதியியலுக்குள் நுழைந்தது. லூயி பாஸ்டர் தார்தாரிக் அமில உப்பின் படிகங்களைப் பொறுமையாகக் கையால் பிரித்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பங்களைப் போல ஒன்றுக்கொன்று எதிரான இரு வகைகள் இருந்தன. ஒரு வகையின் கரைசல் முனைவுற்ற ஒளியை வலமாகவும், மற்றது இடமாகவும் திருப்பியது. நம் உடலின் புரதங்கள் ஏறக்குறைய முழுவதும் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை, டி.என்.ஏ.வில் உள்ள சர்க்கரையோ வலக்கை வகை. உயிர் ஏதோ ஒரு கட்டத்தில் தேர்வு செய்துவிட்டது.

அந்தத் தேர்வுக்குக் காரணம் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறதா?

அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பார்க்கலாம். அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் நீண்டு சுருங்கி அதிரும் வேகத்துக்கு ஏற்ப மூலக்கூறு ஒளியை உறிஞ்சுகிறது. பைன் மரப் பிசினில் கிடைக்கும் ஆல்பா-பைனீனின் இரு வடிவங்களையும் சாதாரண நிறமாலைமானியில் வைத்தால், இரண்டும் ஒரே கோட்டை வரைகின்றன. இதுவரை லைப்னிட்ஸ் பக்கமே வெற்றி.

1974இல் ஜார்ஜ் ஹோல்ஸ்வர்த்தும் உடன் உழைத்தவர்களும் கேள்வியை மாற்றினார்கள். இடமாகவும் வலமாகவும் திருகுபோல் சுழன்று செல்லும் அகச்சிவப்பு ஒளியை மாறி மாறிச் செலுத்தி, உறிஞ்சப்படும் அளவில் உள்ள வித்தியாசத்தை அளந்தார்கள். இன்றைய கருவியில் இரண்டு பேரியம் ஃப்ளூரைடு பலகங்களுக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, திரவம் மெல்லிய படலமாக நிற்கிறது. அதற்கு முன்னால் உள்ள படிகம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை ஒளியின் சுழற்சியை மாற்றுகிறது. கிடைக்கும் வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பல மணி நேரம் அளந்து சேர்த்த பிறகு, ஒரு வடிவத்தின் கோடு மேலெழும் ஒவ்வோர் இடத்திலும் மற்றதன் கோடு கீழிறங்குவது திரையில் தெரிகிறது.

ஆனால் இதை நம்பிக் கான்ட் வென்றார் என்று சொல்ல முடியாது. இங்கே ஒளிக்கும் கை உண்டு. மூலக்கூறையும் ஒளியையும் சேர்த்து மாற்றினால் பழைய அளவே திரும்ப வரும். ஒரு கை இன்னொரு கையைச் சந்திக்கும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது. தனித்து நிற்கும் கையைப் பற்றி இந்தக் கருவி எதுவும் சொல்வதில்லை.

தனித்த கையைப் பற்றிய முதல் தடயம் 1957இல் வந்தது. சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடுங்குளிரில் ஒரே திசையில் சுழல வைத்தார். எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் பாய்ந்தன. வலிமை குறைந்த அணுக்கரு விசை இடத்தையும் வலத்தையும் சமமாக நடத்துவதில்லை. அந்த விசை மூலக்கூறுக்குள்ளும் செயல்படுவதால், இரு வடிவங்களின் ஆற்றலிலும் அணுவளவு வேறுபாடு இருந்தாக வேண்டும் என்கிறது கோட்பாடு. அப்படியானால் திருகாத சாதாரண ஒளியிலேயே இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அதிர வேண்டும்.

1999இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே கார்பனில் ஹைட்ரஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின் நான்கும் இணைந்த மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். அதன் கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இரு வடிவங்களுக்கும் 13 அதிர்வு அளவுக்குக்கூட வேறுபாடு இல்லை என்று அவர்களின் லேசர் காட்டியது. கோட்பாடு எதிர்பார்ப்பதோ ஓர் அதிர்வில் ஆயிரத்தில் சில பங்குதான். கனமான அணுக்களில் இந்த விளைவு பெருகும் என்பதால், ரீனியம், ஆஸ்மியம் கொண்ட மூலக்கூறுகள் அடுத்து ஆய்வுக்கு வந்தன.

அந்த வேறுபாடு ஒருநாள் அளக்கப்பட்டால், கடவுளின் முதல் கைக்கு அண்டத்தில் துணையே தேவையில்லை. தன் அதிர்வைக் கொண்டே அது தன்னை இனம் காட்டும். லைப்னிட்ஸ் கேட்ட காரணமும் கிடைக்கும்: இரண்டில் ஒன்றின் ஆற்றல் குறைவு. அப்போது அவரும் கிளார்க்கும் வாதிட வேண்டியது கைகளைப் பற்றி அல்ல, அந்த விசை ஏன் இடப்பக்கம் சாய்ந்தது என்பதைப் பற்றித்தான்.