விரதம் இருக்க முடியாத உடம்பு

எங்கள் வீட்டில் கந்த சஷ்டி ஆறு நாளும் அத்தைக்குப் பாலும் பழமும்தான். போன ஐப்பசியில் ஒன்பது வயது மகன் வந்து, "அம்மா, நானும் ஒரு நாள் இருக்கட்டுமா?" என்று கேட்டான். அவனால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் இருக்க முடியாது. விரதக்காரர்களுக்கு ஆகும் பாலும் பழமும் அவனுக்கு ஆகவே ஆகாது.

அவனுக்கு இருப்பது கிளைகோஜன் சேமிப்பு நோய், முதல் வகை. ஏறக்குறைய லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. சாப்பிட்டதில் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் சேர்த்துவைத்து, வயிறு காலியானதும் ரத்தத்துக்கு விடுகிறது. ராத்திரி முழுக்க நாம் நிம்மதியாகத் தூங்குவதும், அத்தை விரதம் இருப்பதும் இந்தச் சேமிப்பின் தயவில்தான். என் மகனின் கல்லீரல் சேர்க்கும், திருப்பித் தராது. அதற்கான நொதி அவனுக்கு இல்லை. சேர்ந்தது சேர்ந்தபடி கல்லீரல் வீங்கும். ரத்தத்தில் சர்க்கரை சரிந்தால் வலிப்பே வரலாம். பழச் சர்க்கரையும் பால் சர்க்கரையும் கல்லீரலுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தங்கையிடம் கொடுத்துவிடுவான்.

இந்த நோயை 1929இல் ஜெர்மானிய மருத்துவர் வான் கீர்க்கே விவரித்தார். எந்த நொதி இல்லை என்பதை 1952இல் கோரி தம்பதியர் கண்டுபிடித்தார்கள். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளைக் காப்பாற்றியது 1984இல் வந்த ஒரு எளிய யோசனை: பச்சைச் சோளமாவு. மளிகைக் கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளார்தான். எடை மெஷினில் 45 கிராம் நிறுத்து, பச்சைத் தண்ணீரில் கலக்க வேண்டும். வெந்நீர் கூடாது, மாவு வெந்துவிட்டால் சீக்கிரமே செரித்துத் தீர்ந்துவிடும். பச்சையாக இருந்தால்தான் மெதுவாகக் கரைந்து மணிக்கணக்கில் தாங்கும். குடித்த பிறகும் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறுகி நிற்கும். அதைக் கரண்டியால் சுரண்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதையும் கொடுத்தால்தான் அளவு சரியாகும். ராத்திரி இரண்டு மணிக்கும் இதே வேலை. பசி என்பதே தெரியாமல், பாதித் தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே குடிப்பான்.

"அவன் படுற பாடே விரதம்தானே" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. விரதம் நாமாக எடுப்பது, முடியாவிட்டால் முடித்துக்கொள்ளலாம். அவனை யாரும் கேட்கவில்லை, அவனால் முடித்துக்கொள்ளவும் முடியாது. நோய்க்குத் தவம் என்று பெயர் வைத்தால் அவன் அழக்கூட உரிமை இல்லாமல் போய்விடும். "ஒரு நாள் இருக்கட்டும், முருகன் பார்த்துக்குவான்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கோபப்பட்டேன், இன்னமும் படுகிறேன். பசியைப் பொறுக்கும் தவசிகளைவிட அந்தப் பசியைத் தீர்ப்பவர்களை மேலே வைக்கிறார் வள்ளுவர், ஈகை அதிகாரத்தில். பட்டினியைத் தாண்டிய பக்தி ஒன்று நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு முஸ்லிம் அக்காவின் மகனுக்கும் இதே நோய். ரமலானில் அவனும் அடம்பிடித்திருக்கிறான். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, தீராத நோய் என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்று அவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாராம். "மார்க்கத்துலயே இடம் இருக்கும்மா, நாமதான் பயந்துக்கிறோம்" என்றார் அக்கா. எந்தக் கடையில் மாவு நம்பிக்கையானது, பள்ளியில் டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அவரிடம்தான் கற்றேன். பயப்படத் தேவையில்லை என்பதையும் அவரிடமே கற்றேன்.

விரதம் இருக்கட்டுமா என்று கேட்ட அன்று மகனிடம், "சாமி உன்கிட்ட பட்டினியைக் கேக்கலைடா" என்றேன். அவன் விடவில்லை: "அப்ப பாட்டிகிட்ட மட்டும் ஏன் கேக்குது?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தைதான் சொன்னார்: "என்கிட்டயும் கேக்கல, சாமி. என்கிட்ட இருக்கறத நானா குடுக்கறேன்."

"அப்ப நான் எதக் குடுக்க?" என்றான். சூரசம்ஹாரத்தன்று அவனைக் கோயில் அன்னதானத்துக்குக் கூட்டிப்போவது என்று பாட்டியும் பேரனும் பேசி முடிவு செய்தார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. மாவையும் மெஷினையும் பையில் எடுத்துக்கொண்டு நானும் போனேன்.