மூன்றாம் ஆள்

(மைசூர் ரங்காசார்லு நினைவு மண்டபத்தின் எதிரே அமர்ந்து, அரசியல் சட்டம் பயிலும் சீடனும் அவன் குருவும் பேசியது.)

சீடன்: ஐயா, 1799ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைப் படித்தேன். நம் கல்வெட்டுகளைப் போலவே, சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்று உறுதி சொல்கிறது. ஆனால் 32 ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினி மைசூரைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வலியவன் எழுதிக் கொடுத்த கடுதாசிக்கு என்ன மதிப்பு?

குரு: அதில் என்ன எழுதியிருக்கிறது? முதலில் அதைச் சொல்.

சீடன்: திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஐந்து வயது நிறையாத மும்மடி கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தினார்கள். கும்பினிப் படை நாட்டைக் காக்கும். அதற்கு மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும். தொகை வராமல் போகும் என்று கவர்னர் ஜெனரல் அஞ்சினால், அதை ஈடுகட்டத் தேவையான பகுதிகளைக் கும்பினி நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

குரு: அந்த அச்சம் நியாயமானதா என்று பார்ப்பது யார்?

சீடன்: அதே கவர்னர் ஜெனரல்தான். அதனால்தானே 1831இல் மைசூரின் நகர் என்னும் சீமையின் குடிகள் கிளர்ந்ததைக் காரணம் காட்டி, அப்போதைய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் சில பகுதிகளோடு நிற்காமல் முழு நாட்டையும் எடுத்துக்கொண்டார்! வாதியே நீதிபதியானால் வேறென்ன நடக்கும்? அமெரிக்கர்கள் முன்யோசனைக்காரர்கள். 1787இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே, செய்துகொண்ட உடன்படிக்கைகளும் நாட்டின் உச்ச சட்டம் என்றார்கள். சட்டம் இன்னதென்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்று 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டினார். மைசூருக்கும் அப்படியொரு மன்றம் வாய்த்திருந்தால்...

குரு: அதே 1831இல் அந்த மன்றத்தின் படியேறியவர்கள் அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்கள். அமெரிக்க அரசோடு 1785இலும் 1791இலும் உடன்படிக்கை செய்தவர்கள். ஜார்ஜியா மாநிலம் தங்கள் நிலத்தின்மீது தன் சட்டத்தைத் திணிக்கிறது என்று முறையிட்டார்கள். நீங்கள் அயல்நாடு அல்ல, எங்களைச் சார்ந்து நிற்கும் இனம். நேரே இங்கே வழக்காட முடியாது என்றார் அதே மார்ஷல். அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில், ஜார்ஜியாவின் சட்டம் அவர்கள் நிலத்தில் செல்லாது என்று தீர்ப்பும் சொன்னார். 1838இல் படையை வைத்து அவர்களை மேற்கே விரட்டினார்கள். வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

சீடன்: அப்படியானால் மன்றமும் பயனில்லை. எழுத்து வெறும் வேஷம்.

குரு: அவசரப்படாதே. 1799இல் மைசூரில் எதிர்த்து நிற்கப் படையில்லை; அரசர் குழந்தை. அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஏன் உடன்படிக்கை எழுத உட்கார்ந்தார்?

சீடன்: முழு நாட்டையும் பிரித்தால் நிஜாமுக்கும் பெரும் பங்கு தர வேண்டும், மராட்டியரும் முறைப்பார்கள். நடுவே ஓர் அரசு இருப்பது கும்பினிக்கு வசதி.

குரு: ஆக, அந்த எழுத்து மைசூருக்காக எழுதப்பட்டதில்லை, பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆளுக்காக எழுதப்பட்டது. வலியவன் எழுதும்போதெல்லாம் யாரோ ஒருவனுக்குக் கணக்கு ஒப்பிக்கிறான். அங்கேதான் எளியவனுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. 1834இல் பெண்டிங்க்குக்கே சந்தேகம் வந்தது. படைத்தொகைக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, முழு நாட்டையும் எடுக்க உடன்படிக்கை இடம் தந்ததா என்று ஐயப்பட்டு, ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம் என்றார். லண்டன் ஒப்பவில்லை. ஆனால் அந்த ஐயம் ஏடேறிவிட்டது. மகாராஜா சாகும்வரை மனுமேல் மனு போட்டார். 1865இல் வாரிசைத் தத்தெடுத்தார். 1867இல் லண்டன் அதை ஏற்றது. 1881 மார்ச் 25 அன்று நாடு அந்தத் தத்துப்பிள்ளை சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பியது.

சீடன்: மன்னியுங்கள் ஐயா, அது உடன்படிக்கையின் வெற்றியாகத் தெரியவில்லை. 1857க்குப் பிறகு ராஜாக்களின் விசுவாசம் ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது. அதனால் கொடுத்தார்கள்.

குரு: தேவை மனத்தைத் திறந்தது, உண்மை. ஆனால் கேட்பதற்கு ஒரு ஷரத்து கையில் இல்லாதவன் அந்த நேரத்தில் எதைக் கேட்பான்? 1858 பிரகடனத்தில் ராணி பழைய உடன்படிக்கைகளைக் காப்போம் என்று வாக்களித்தார். அந்த வாக்கை நீட்டிக் காட்ட மைசூரிடம் உடன்படிக்கை இருந்தது.

சீடன்: செரோக்கிகளிடமும் இருந்ததே!

குரு: இருந்தது. ஆனால் அங்கே மூன்றாம் ஆள் யார்? தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய அரசை, ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தவர்களே அந்த நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள். மைசூர் விஷயத்தில் லண்டனில் தீர்மானித்தவர்களுக்கு இங்கே ஒரு காணி நிலமும் வேண்டாம். படைத்தொகை தவறாமல் வந்தால் போதும். நடுவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வி. அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்பது மறுபாதி.

சீடன்: அப்படியே இன்னொன்றும் கேட்கிறேன். நகர்ச் சீமைக் குடிகள் வரிக் கொடுமை தாளாமல் எழுந்தார்கள். உடன்படிக்கையில் கும்பினி உண்டு, ராஜா உண்டு. அவர்கள் எங்கே?

குரு: எங்கும் இல்லை. அவர்கள் கிளர்ச்சி, ஒரு தரப்பு மற்றத் தரப்பின்மேல் சாட்டிய குற்றமாக மட்டும் பதிவானது. 50 ஆண்டு கழித்து, இந்த மண்டபம் யார் பெயரைத் தாங்குகிறதோ அந்தத் திவான் ரங்காசார்லு, செங்கல்பட்டுச் சீமைக்காரர், பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். 1881 அக்டோபரில் 144 பேர் வந்தார்கள். பெரும்பாலும் நிலக்காரர்கள், வணிகர்கள். வரவு செலவைக் கேட்கலாம், குறை சொல்லலாம்; சட்டம் இயற்ற முடியாது.

சீடன்: அதுவும் மனுதானே!

குரு: மனுதான். ராஜா அதைத்தானே வாழ்நாளெல்லாம் போட்டார். மனு போட இடம் கிடைத்தவன் பதில் கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் அதிகாரம் கேட்பான். 1907இல் சட்ட சபை வந்தது. 1947இல் 'மைசூர் சலோ' என்று தெருவில் இறங்கிய பிறகுதான் மக்கள் மந்திரிசபை அமைந்தது.

சீடன்: 66 ஆண்டு! இனி ஓர் உடன்படிக்கையை நான் எப்படிப் படிக்க வேண்டும்?

குரு: கையெழுத்துகளைக் கடைசியில் பார். மீறினால் யாரிடம் போவது, அவருக்கு இதில் என்ன ஆதாயம், கையெழுத்திடாமலே இதன் கீழ் வாழப்போகிறவர் யார் என்று முதலில் பார்.

சீடன்: அப்படியானால், மைசூரும் சென்னை மாகாணமும் 1924இல் செய்த காவிரி ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன்.

குரு: தொடங்கு. இரு கரை உழவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு படி.