ஒருவர் வினையை மற்றொருவர் ஏற்பாரோ?



விக்கிரவாண்டியில் நாம் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில், வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, வாராத தோழிக்காக மற்றொரு மாணவி "உள்ளேன் அம்மா" என்று குரல் கொடுப்பதுண்டு. அன்பினால் செய்ததே. எனினும், வாராத பெண் அன்றைய பாடத்தைக் கற்றாளில்லை.

அதனை நினைவூட்டும் செய்தியொன்று 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபையினர், இறந்தோர் பெயரால் உயிருடன் இருப்போரை நீரில் மூழ்குவித்து ஞானஸ்நானம் அளிக்கின்றனர். 1840இல் தொடங்கிய வழக்கம் இது. காந்தியடிகளின் பெயராலும் இச்சடங்கு நிகழ்ந்ததாக அவ்வாண்டில் தெரியவந்தது. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைச் சேர்ப்பதில்லை என்று 1995இலேயே யூத அமைப்புகளுடன் உடன்பாடு கண்டிருந்தும், சிறுமி ஆன் பிராங்கின் பெயரும் இடம்பெற்றிருந்தது. உறுப்பினர்கள் தத்தம் முன்னோர் பெயர்களை மட்டுமே அளித்தல் வேண்டும் என்று 2012இல் சபைத் தலைமை மீண்டும் அறிவுறுத்தியது.

அவர்கள் பக்கத்தையும் கூறுதல் முறை. மறைந்த உயிர் அச்சடங்கை ஏற்கலாம், மறுக்கலாம் என்பதே அவர்தம் கொள்கை. முன்னோர்மீது கொண்ட பற்றே அதன் வேர். ஆயினும் காந்தியடிகள் உயிருடன் இருந்தபோதே இக்கேள்வியை எதிர்கொண்டவர். தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ நண்பர்கள் தம் சமயத்திற்கு அழைத்தபோது, 1894இல் 27 வினாக்களை எழுதிச் சமண ஞானி ராஜசந்திரருக்கு அனுப்பினார், விடை பெற்றார், ஆராய்ந்து, தம் நெறியிலேயே நின்றார். ஆய்ந்து முடிவு செய்தவரின் பெயரை, அவர் மறைந்தபின் கேளாமல் எடுப்பது எவ்வாறு தகும்?

நம் அறம் கூறுவது யாது? மனம், மொழி, மெய்களால் வினை ஊறுகிறது. அதனைச் செறிப்பதும் உதிர்ப்பதும் அவ்வுயிரின் முயற்சியே. உடல் நீங்கிய உயிர், காலத்தின் மிக நுண்ணிய அளவாகிய சமயம் நான்கினுள் மறுபிறவி எய்திவிடுகிறது. அதன் பொருட்டு மற்றொருவர் மூழ்கும் நீரும் சேராது. நாம் வைக்கும் பிண்டமும் சேராது.

ஆதலின், பிறரை நகைக்குமுன் நம் இல்லத்தை நோக்குவோம். எம் தந்தையார் மறைந்தபோது, "அவர் பெயரால் நோன்பு நோற்றால் அவருக்குப் பலன் சேரும்" என்றனர் உறவினர் சிலர். "நோற்பவர் வினைதான் உதிரும், அவர் கற்பித்ததை நீங்கள் செய்யுங்கள்" என்றார் எம் அன்னையார். காந்தியடிகளைச் சமணர் என்றே எழுதிக்கொள்ள விழையும் நம்மவரும் உளர். அதுவும் கேளாமல் பெயரெடுப்பதே அன்றோ?

மறைந்தோரை எவ்வாறு போற்றுவது என்பதற்குச் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று சான்று பகர்கிறது. 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டு உள்ளது. அவர் பெயர், அவர் நோன்பு, அவர் நிசீதிகை என்பனவே செய்தி. பொறித்தவர்கள் தம் விருப்பம் எதனையும் அவர்மேல் ஏற்றவில்லை.

நாமும் அவ்வாறே மறைந்தோரை உள்ளபடி நினைவோம். அவர் பிழை பொறுப்போம். நம் பெயர் அழைக்கப்படும்போது நாமே "உள்ளேன்" என்போம்.

அருகன் திருவடி வாழ்க!