கண் யாருக்குச் சொந்தம்?

சைக்கிள் ஓட்டும்போது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வதா, கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதா என்பதைத் தர்ம நியாயம் பேசவேண்டிய விஷயமாக நான் எடுத்துக்கொண்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். கண் டாக்டரையோ கண்ணாடிக் கடைக்காரரையோ கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதியில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் நண்பர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். ஆபீசுக்கு இன்னும் சைக்கிளில்தான் போய் வருகிறார். அந்த எளிமைக்காக அவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால், சைக்கிளில் ஏறுமுன் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால் காரணங்களை அடுக்குவார். வேர்வையில் மூக்கை விட்டு வழுக்குகிறது. தூறல் போட்டால் கண்ணாடி முழுதும் நீர்த்துளி, ஒன்றும் தெரிவதில்லை. விழுந்து உடைந்தால் இரண்டாயிரம் ரூபாய் தண்டம். இன்னும் வற்புறுத்தினால் கடைசியில் இப்படிச் சொல்வார்: "என் கண், என் சைக்கிள். விழுந்தால் சிராயப்போவது என் முட்டிதானே? உங்களுக்கு என்ன ஐயா நஷ்டம்?"

முதலில் சொன்ன காரணங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவை மெய்யான தொல்லைகள், பரிகாரமும் உண்டு. கயிறு கட்டிக்கொண்டால் கண்ணாடி விழாது. முன்புறம் நீண்ட தொப்பி தூறலை ஓரளவு தடுக்கும். கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. இன்று பலரும் போடும் மென்மையான லென்ஸ் பிறந்த கதையிலேயே ஒரு சைக்கிள் வருகிறது. 1961ஆம் வருஷக் கடைசியில் செக்கோஸ்லோவாகியாவில் ஓட்டோ விக்டெர்லே என்ற ரசாயன விஞ்ஞானி, பிள்ளைகள் விளையாடும் கட்டுமானச் சாமான்களையும் சைக்கிள் டைனமோ ஒன்றையும் சேர்த்து வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்தார். அதில்தான் அந்த லென்ஸை வார்த்தெடுத்தார். அது பக்கப் பார்வையை மறைக்காது. மூக்கை விட்டு நழுவாது. ஆனால் எதிர்க்காற்றில் கண் வறளும்; தூசி புகுந்தால் வேதனை; கை கழுவாமல் தொட்டால் கண்ணுக்கே ஆபத்து. எது தோது என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நான் வழக்காட விரும்புவது நண்பரின் கடைசி வாக்கியத்தோடுதான்.

அவருடைய கண்ணாடிச் சீட்டில் 'மைனஸ் 2' என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால், கண்ணாடி இல்லாமல் அவருக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு. சைக்கிளின் கைப்பிடியோடு அவருடைய உலகம் முடிந்துவிடுகிறது; அப்பால் எல்லாம் கலங்கல். நிதானமாக மிதித்தாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம், அதாவது விநாடிக்கு 4 மீட்டர். மங்கலான கண்ணோடு நடந்து போகிறவன் கல் தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் அவனுக்குத்தான் நஷ்டம். சக்கரம் சுழலத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது.

ரோட்டைக் கடக்க ஒரு கிழவி நிற்கிறாள். வருகிறவரின் முகத்தைப் பார்க்கிறாள். இரண்டு கண்களும் திறந்திருக்கின்றன. 'நம்மைப் பார்த்துவிட்டார், பிரேக் போடுவார்' என்று நம்பிக் காலை எடுத்து வைக்கிறாள். அவளுக்கு அவருடைய கண்ணாடிச் சீட்டைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளைக் கோல் ஏந்தி வருகிறவர் தம் நிலையை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தெரியாத கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேகமாக வருகிறவர், வாய் திறக்காமலே ஒரு பொய் சொல்கிறார்.

மோட்டார் வாகன லைசென்சுக்கு விண்ணப்பிக்கிறவரிடம், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்துக் காரின் நம்பர் பலகை தெரிகிறதா என்று சர்க்கார் படிவம் கேட்கிறது. சைக்கிள்காரரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்றும் நான் சொல்லமாட்டேன். ஏழையின் வாகனத்துக்கு இன்னொரு சீட்டு வேண்டாம். ஆனால் சட்டம் கேட்காமல் விட்டதை மனசாட்சி கேட்டாக வேண்டும். கண்ணோட்டம் என்ற சொல்லுக்கு இரக்கம் என்று பொருள். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நம் கண் பிறர்பால் ஓடவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரோட்டில் போகிறவருக்கு அது அலங்காரப் பேச்சல்ல. அங்கே என் கண்ணில் கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு.

இதோடு நிறுத்தினால் பாதி நியாயம் பேசியதாகத்தான் ஆகும்.

எனக்குத் தெரிந்த கிராமத்தில் ஒரு பெண், பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அதே பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடியும் கொடுத்தார்கள். சைக்கிள் வாசலில் நிற்கிறது. கண்ணாடி தாயாரின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "நாலு பேர் பார்த்தால் சோடாபுட்டி என்பான். நாளைக்கு ஒருத்தன் பெண் கேட்டு வர வேண்டாமா? வகுப்பிலே முன் பெஞ்சியில் உட்கார்ந்துக்கோடி" என்கிறாள் தாய். பெண் லாரிகள் பறக்கும் ரோட்டோரமாக, கண்ணை இடுக்கிக்கொண்டு போகிறாள்.

நண்பரிடம் சொன்னதை இவளிடமும் சொல்லலாமா? நீ பொய் சொல்கிறாய் என்று குற்றம் சாட்டலாமா? எனக்கு நாக்கு எழவில்லை. நண்பர் தம் சௌகரியத்துக்காகக் கழற்றினார். இவளிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறார்கள். கடமை என்று ஒன்றை ஒருவர் மேல் சுமத்துமுன், அதைச் செய்ய அவருக்கு இடம் விட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி போட்ட பெண்ணை வேண்டாம் என்று எழுந்துபோன மாப்பிள்ளை வீட்டாரும், சோடாபுட்டி என்று கத்திய பையன்களும், கண்ணாடியைக் கழற்றியதும் கதாநாயகி அழகியாகிவிடுவதாகக் காட்டும் சினிமாக்காரர்களும் சேர்ந்து பூட்டிய பெட்டி அது. நாளை அந்தப் பெண் ஒரு குழந்தை மேல் மோதினாலும், ஒரு லாரி அவள் மேல் மோதினாலும், பழியில் பெரும்பங்கு இவர்களுடையது.

இந்தக் கேலி அசைக்க முடியாத மலையா என்றால், இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்று அன்றும் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் ஏறி மிதித்தார்கள். கேலி பேசியவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. இன்று சைக்கிளில் போகும் பெண்ணை ஊர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் கூட்டமாக ஏறினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஒற்றைப் பெண் ஊரின் சிரிப்பைத் தனியாகத் தாங்கட்டும் என்று சொல்வது தர்மோபதேசம் ஆகாது, கொடுமைதான்.

ஆகவே, நான் கேட்பதை அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. அவளுடைய தாயாரிடம் கேட்கிறேன். அம்மா, பெட்டியைத் திறந்து அந்தக் கண்ணாடியைக் கொடுங்கள். அதைக் கண்டு எழுந்துபோகிற மாப்பிள்ளை போகட்டும். உங்கள் மகள் ரோட்டைப் பார்த்துப் போய், பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும்.