சுருட்டு வெட்டி

சுருட்டு என்னும் சொல் நம்முடையது. ஆங்கிலேயர் 'செரூட்' என்பதும் மலாய்க்காரர் 'செருத்து' என்பதும் அத்தமிழ்ச் சொல்லின் திரிபுகளேயாம். திருச்சிராப்பள்ளிச் சுருட்டோ, 1887-ல் வெளிவந்த முதலாவது ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைக் கண்ட மாத்திரத்தில் துப்பறிவோன் இனங்கூறும் அளவிற்குப் பேர் பெற்றிருந்தது. உறையூரில் சுருட்டப்பட்ட அச்சுருட்டு இரு முனையும் வெட்டப்பட்டே வரும். வாங்கியவனுக்குத் தீக்குச்சி ஒன்றே போதும்.

கியூபா நாட்டு முறையில் செய்த சுருட்டு அப்படியன்று. வாயில் வைக்கும் முனையை இலைத்துண்டொன்றால் மூடி ஒட்டியிருப்பர். அதைத் திறந்தாலன்றிப் புகை வாராது. ஆகவே ஒரு வெட்டி வேண்டியதாயிற்று. வெட்டி வேண்டவே, அதில் நல்லது எது என்னும் ஆராய்ச்சியும் வேண்டியதாயிற்று. (நம் பேச்சில் 'வெட்டி' என்பது வீண் என்றும் பொருள்படும்; வாசகர் அப்பொருளைச் சிறிது நேரம் மறந்திருப்பாராக.)

முனையை நேராகத் துண்டிப்பது ஒரு வகை. வட்டமாகத் துளையிடுவது ஒரு வகை. ஆங்கில 'வி' எழுத்தைப்போல் ஆப்பு வடிவில் ஒரு பள்ளத்தைப் பறித்தெடுப்பது இன்னொரு வகை. மூன்றாவதே எனக்கு உவப்பானது. அது மூடியை அடியோடு நீக்குவதில்லை. பள்ளத்தின் இரு சரிவுகளும் திறந்து நிற்பதால் புகை தாராளமாக வரும். எஞ்சிய மூடி மேலிலையைப் பிடித்துக்கொள்வதால் சுருள் அவிழாது. மேலும், முனையை வைக்கும் குழியின் ஆழமே வெட்டின் ஆழத்தை வரையறுத்துவிடுகிறது. பழக்கமில்லாத கையும் அளவு மீற இயலாது.

ஆனால் அலகு மழுங்கியதாயின் இலை வெட்டுப்படாமல் கிழியும். இரண்டு விளிம்புகள் கோணமாகக் கூடுமிடத்தை வீட்டுச் சாணையில் தீட்டுவது எளிதன்று. ஆகவே வாங்கும்போதே எஃகு நல்லதாயிருத்தல் வேண்டும். அலகு தன் தடத்தில் ஆடாமல் ஓடவேண்டும். குழியும் சுருட்டின் பருமனுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். அப்பருமனை அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு கணக்கிடுவர். 50 என்றால் அங்குலத்தில் 64-க்கு 50 பங்கு. ஒல்லியான சுருட்டைப் பெரிய குழியில் வைத்து அழுத்தினால் வெட்டு ஆழ்ந்து தலை பிளந்துபோகும்.

நிற்க. புகையிலையினால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று நம் மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கிறது. இப்படிப்பட்ட பொருளுக்குரிய கருவியை 'நல்லது' என்று சொல்லலாமா?

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் சாக்ரட்டீஸ் கொடி கழிக்கும் கத்தியை எடுத்துக்காட்டுகிறார். திராட்சைக் கொடியை எந்தக் கத்தியாலும் அறுக்கலாம். ஆயினும் அதற்கென்றே செய்த கத்தி அறுப்பதுபோல் வேறெதுவும் அறுக்காது. அச்சிறப்பே அக்கருவியின் நற்குணம் என்பது கருத்து. ஆனால் நம்மூர்க் கள்வனின் கன்னக்கோலுக்கும் அந்த நற்குணம் உண்டு. சுவரை ஓசையின்றித் துளைக்கும் கன்னக்கோல் நல்ல கன்னக்கோல்தான். கருவியின் நன்மை வேறு, காரியத்தின் நன்மை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பெற்றுவிட முடியாது.

நம் தோட்டங்களில் செம்பனை சூழுமுன் ரப்பர் நின்ற காலத்தை எண்ணிப்பாருங்கள். பால்வெட்டுக்குப் பயன்பட்ட ஜெபோங் கத்தியின் அலகும் 'வி' வடிவமே. மரத்தின் வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை பட்டையைச் சீவவேண்டும். அதற்குமேல் போனால் மரம் புண்படும், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அக்கத்திக்குக் குழியுமில்லை, தடுப்புமில்லை. இருள் பிரியுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய நம் பெண்டிரின் மணிக்கட்டிலேயே அளவு இருந்தது. சுருட்டு வெட்டியிலோ அளவு இரும்பில் இருக்கிறது. அவ்விரும்பு ஒரு வெட்டின் ஆழத்தைத் தடுக்கும். நாளொன்றுக்கு எத்தனை சுருட்டு என்பதைத் தடுக்காது.

இதை நான் வீணே ஆராயவில்லை. எங்கள் தோட்டத்து நிர்வாகி ஓய்வுபெறும்போது கிராணிமார் சேர்ந்து ஒரு பரிசளிக்க எண்ணினோம். அவர் சுருட்டுப் பிரியர். ஆகவே வெட்டி ஒன்று வாங்குவோம் என்றார் ஒருவர். நான் மறுத்தேன். ஒருவர் கேட்டால் தெரிந்ததைச் சொல்வது வேறு, கேளாதிருக்கையில் பரிசாகக் கொடுப்பது வேறு. பரிசு, 'நீர் இதைத் தொடர்க' என்று வாய்திறவாமற் சொல்கிறது. அன்றியும், மேலதிகாரியின் பலவீனத்துக்கு ஏவல் செய்து அவருடைய தயவைத் தேடும் பழைய கிராணிப் புத்தி நம்மை விட்டு இன்னும் முழுதும் நீங்கவில்லை. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் வெளிக்காட்டுத் தொழிலாளி ஓய்வுபெற்றபோது நாம் எதற்குப் பணம் திரட்டினோம் என்றும் கேட்டேன். விடை வரவில்லை. பெரும்பான்மையோர் வாங்குவதென்றே முடிவு செய்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டனர்.

நான் நல்லதாகவே தேர்ந்தேன். கூடாதென்று எண்ணிய காரியத்தை ஏற்றுக்கொண்டு, வேண்டுமென்றே மழுங்கிய வெட்டியை வாங்கி வந்திருந்தால், அவர் ஒரு சுருட்டையேனும் குறைத்திரார். சில இலைகள் கிழிந்திருக்கும், என் சொல்லும் கிழிந்திருக்கும். மறுப்பதற்குரிய இடம் கூட்டம்; கடை அன்று.

என் பக்கம் நின்று மிகவும் உரக்கப் பேசிய நண்பர் ஒருவர் உண்டு. பின்னர் கிள்ளானில் அவர் இல்லத் திருமணத்துக்குச் சென்றேன். வாயிலிலே வெற்றிலைத் தட்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுவது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வகம் 1985-லேயே கூறிற்று. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என்று 2004-ல் நூலாக வெளியிட்டது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்றோரைக் காட்டிலும் நம்மவரையே மிகுதியாகப் பற்றுகிறது. தோட்டத்துப் பாட்டிமார் பலர் அதற்கு இரையாயினர். துரையின் சுருட்டைக் கண்டித்த நண்பர் அத்தட்டை இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார். அதில் பித்தளைப் பிடியிட்ட பாக்குவெட்டியொன்று கிடந்தது. கருவி நல்ல கருவிதான். பக்கத்திலிருந்த முதியவர் எடுத்து அழுத்த, கொட்டைப்பாக்கு ஒரே அழுத்தில் இரண்டாயிற்று.