பழகிப்போன வலி

உலகமே ஒரு பெருந்துயரில் கிடக்கும்போது, ஒருவன் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கவலைப்படலாமா?

ஓய்வு நேரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த தத்துவ விசாரம் என்று இதை எண்ணிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டு மே மாதம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இரவு இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது வந்த கேள்வி இது.

மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து நாங்கள் தனி மாவட்டமாகி அப்போது நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. பஸ் நின்றுபோயிற்று, கடைவீதி வெறிச்சோடிக் கிடந்தது. கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றியே எங்கும் பேச்சு. மாலை தோறும் தொலைக்காட்சியில் இறந்தவர்களின் கணக்கைச் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு, "எனக்குப் பல் வலிக்கிறது" என்று மனைவியிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

கிராம்புத் தைலமும் உப்பு வெந்நீரும் இரண்டு நாள் தாங்கின. பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் வீக்கம் கண்டால் விரிய இடமில்லை. சுற்றிலும் கல்போன்ற சுவர். படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும். வலியும் கூடவே ஏறும். பல்வலிக்காரன் இரவில் நடப்பது இதனால்தான்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "கன்னம் வீங்கியிருக்கா, சார்?" என்று கேட்டார். இல்லை. "ஜுரம்?" அதுவும் இல்லை. ஐயோ, வீக்கம் இல்லையே என்று வாழ்க்கையில் முதல் முறையாக வருத்தப்பட்டேன்!

அவர்மீது தவறில்லை. பல்லைக் குடையும் கருவி நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுற்றுச் சுழல்கிறது. சூடு தணிய அது பீச்சும் தண்ணீர் எச்சிலோடு கலந்து, மூடுபனிபோல் அறையில் மிதக்கிறது. நோயாளியோ முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்தாக வேண்டும். டாக்டருக்கும் வீடு உண்டு, குழந்தைகள் உண்டு. அவசரமானவற்றை மட்டும் பாருங்கள், மற்றவற்றைத் தள்ளிவையுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் அந்த மாதம் சொல்லியிருந்தது. நியாயமான விதிதான். ஆனால் எது அவசரம்? ரத்தம் கண்ணுக்குத் தெரியும்; வீக்கம் கைக்குத் தெரியும். வலிக்கு, அதை உடையவனின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி ஏது?

மாத்திரைகள் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "பத்து மணிக்கு வாங்க. ஒருத்தரைத்தான் உள்ளே விடுவேன்" என்றார்.

வாசலில் நான் காத்திருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஒரு பெரியவர், தாடையைத் துண்டால் கட்டியிருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே, கல்வராயன் மலையிலிருந்து மகன் அழைத்து வந்திருந்தான்.

டாக்டர் வெள்ளை அங்கியோடு வாசலுக்கு வந்தார்.

"எத்தனை நாளா வலிக்குது, பெரியவரே?"

"போன சாமை அறுப்புலேருந்து, ஐயா."

"அப்போ கொரோனாவே வரலியே! அப்பவே வந்திருக்கலாமே?"

"அப்பவும் எங்களுக்குக் கீழே இறங்கி வர்றது இப்படித்தாங்க, ஐயா."

டாக்டர் என்னைப் பார்த்தார். யார் முதலில் என்பது அந்தப் பார்வையின் பொருள். நான் வாய் திறப்பதற்குள் பெரியவரே சொல்லிவிட்டார்: "அவரு மொதல்ல பாத்துக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு."

நான் எழுந்து உள்ளே போனேன்.

மாடியில் நடந்த நான் வேறு. அந்த வாசலில் எழுந்த நான் வேறு. மாடியில், பிறர் சாகும்போது என் வலி ஒரு வலியா என்று என்னையே கடிந்துகொண்டேன். அது போலிப் பணிவு. பெரிய துன்பத்தின் முன் சிறிய துன்பம் வாய் திறக்கக் கூடாதென்றால், உலகத்திலேயே மிகவும் துன்பப்படும் ஒரே ஒரு மனிதனுக்குத்தான் அழ உரிமை உண்டு. இன்னொருவன் வலியால் என் வலி குறைவதில்லை. ஆனால் இதே நியாயத்தை வாசலில் நான் தலைகீழாக்கினேன்: என் வலி என்னுடையது, ஆகவே அதுதான் முதல்!

பழகிப்போச்சு என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வலி குறைவு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது நமக்கு எவ்வளவு வசதி! பழகியது வலி அல்ல. சொன்னாலும் கேட்க ஆளில்லை என்பதுதான் அவருக்குப் பழகியது. எனக்கு ஊரடங்கு மார்ச்சில் தொடங்கியது. அவருக்கு அது எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது.

தள்ளிவைக்கக் கூடியதைத் தள்ளிவை என்பது கொள்ளைநோய்க் காலத்தில் சரியான தர்மமே. ஆனால், இன்னும் எத்தனை நாள் பொறுப்பாய் என்று கேட்கும் விதி, இதுவரை எத்தனை நாள் பொறுத்தாய் என்றும் கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அன்று வரிசையில் நான் இரண்டாவது.

எனக்கு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். பெரியவருக்குப் பல்லைப் பிடுங்கினார். ஐந்து மாதம் கழித்து என் பல் முறையான வைத்தியம் பெற்றுப் பிழைத்துக்கொண்டது. இன்றும் அந்தப் பக்கத்தில்தான் மெல்லுகிறேன். சில வேளை அந்தப் பெரியவரின் நினைவு வரும். பஞ்சைக் கடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறியவர், எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.